பிரசவத்துக்குப் பிந்தைய மனநலம்: இணைய ஊடகங்களை ஓராண்டுக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

குழந்தை பிறந்த முதல் வாரம் தொடங்கி அதன் முதல் பிறந்தநாளைக் கடந்தும், தாய்மார்களின் மனநலம் குறித்த காணொளிகள், பாட்காஸ்டுகள், செயலிகள், இணையவழிக் கேள்வித்தாள்கள் ஆகியவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்திருக்கிறேன். அவற்றால் கிடைத்த முதல் பயன், எது இயல்பு, எது நோய் என்ற தெளிவுதான். பிரசவமான இரண்டு மூன்று நாட்களில் காரணமின்றி அழுகை வருவதும் எரிச்சல் மேலிடுவதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு நேர்கின்றன. ‘பேபி ப்ளூஸ்’ எனப்படும் இந்நிலை பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தானே தணிந்துவிடும். அதற்குப் பிறகும் துயரம் நீடித்தாலோ, குழந்தை உறங்கும்போதுகூடத் தாய்க்கு உறக்கம் வராவிட்டாலோ, அது மனச்சோர்வாக இருக்கலாம். என் அழுகை இரண்டு வாரங்களைக் கடந்தும் நிற்காதபோது, “எல்லாருக்கும் இப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும்” என்று வீட்டார் அன்போடு சொன்னார்கள். அதை மீறி மருத்துவரைப் பார்க்கத் துணிவு தந்தது அந்த இரண்டு வாரக் கணக்குதான்.

நான் மிகுதியாக நம்பியது, 1987இல் வெளியான எடின்பரோ மனச்சோர்வு அளவுகோலை. கடந்த 7 நாட்களைப் பற்றிய 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். இது நோயை உறுதிசெய்யும் சோதனையன்று. மருத்துவரை நாட வேண்டிய நிலையா என்று காட்டும் முதற்கட்டப் பரிசோதனை மட்டுமே. பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருப்பினும், உடனே உதவி பெற வேண்டும். நான் பயன்படுத்திய ஒரு செயலி விடைகளைக் கூட்டிப் பார்த்து, பச்சை நிறத்தில் ‘நலமாக இருக்கிறீர்கள்’ என்று காட்டுவதோடு நின்றுவிடுகிறது. பத்தாவது விடையைத் தனியே கவனிப்பதே இல்லை. இப்படிப்பட்ட செயலியை எந்தத் தாயும் பயன்படுத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. என் விடைகளைத் தாளில் எழுதி எடுத்துச் சென்றிருந்தேன். மருத்துவர் முன் தொண்டை அடைத்துக்கொண்டபோது, பேசாமல் அந்தத் தாளை நீட்ட முடிந்தது.

இரவில் பாலூட்டும்போது பாட்காஸ்டுகளே வசதியானவை. விளக்கும் வேண்டாம், கையும் வேண்டாம். குறுங்காணொளிகளை நான் விரைவில் விட்டுவிட்டேன். ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் சிரித்த முகமும் ஒழுங்கான வீடுமாக அடுத்தடுத்து வந்து, என்னிடம்தான் ஏதோ குறை என்று எண்ண வைத்தன.

மனநல மருத்துவர்கள் நேரடியாகப் பேசும் நீண்ட காணொளிகளுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். குழந்தைக்குத் தீங்கு நேர்வது போன்ற விரும்பாத காட்சிகள் மனத்தில் தோன்றுவது பல தாய்மார்களுக்கு உண்டு என்றும், அவற்றைக் கண்டு தாய் பதறுகிறாள் என்பதே அது அவளுடைய விருப்பமல்ல என்பதைக் காட்டுகிறது என்றும் அவற்றில்தான் கேட்டேன். ஆயிரத்தில் ஓரிருவருக்கு வரும் மனப்பிறழ்வு வேறு. இல்லாத குரல் கேட்பதும், குழப்பமும், விபரீத நம்பிக்கைகளும் தென்பட்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குறை என்றால், நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை முதல் ஆறு வாரங்களோடு நின்றுவிடுகின்றன. மனச்சோர்வோ முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் இதே களைப்பைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம் என்று சொல்பவர்கள் குறைவு. மருந்து எடுத்தால் தாய்ப்பாலை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற தவறான செய்தியோ எங்கும் பரவிக் கிடக்கிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் செர்ட்ராலின் போன்ற மருந்துகள் மிகக் குறைந்த அளவே பாலில் கலக்கின்றன. பாலூட்டிக்கொண்டே அவற்றை எடுத்துக்கொள்ள மருத்துவர்கள் பலருக்கும் பரிந்துரைக்கிறார்கள்.