சாப்பாட்டு மேசைக்குக் கண்ணாடியா, பிளாஸ்டிக் விரிப்பா?

எங்கள் தேக்கு மேசைக்கு முதலில் வாங்கியது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் விரிப்புதான். விலை குறைவு; கத்தரிக்கோலால் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்; எவர்சில்வர் தட்டை இழுத்தாலும் மரத்தில் கீறல் விழாது. சூடான குக்கரை வைத்தால் மட்டும் இளகி, வட்டமாகத் தழும்பு விழும். அதையாவது மன்னிக்கலாம். இரண்டு வருடம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், விரிப்பு வார்னிஷோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்த இடமெல்லாம் பிசுபிசுப்பு. விரிப்பு செய்யும் பி.வி.சி. பிளாஸ்டிக் வளைவதற்காகச் சேர்க்கும் மென்மையூட்டிகள் மெல்லக் கசிந்து வார்னிஷை இளக்கிவிடுகின்றன. காவலுக்கு வைத்த ஆளே களவாடிய கதை!

கண்ணாடி அப்படிச் செய்யாது. எடைதான் சங்கடம்: நான்கடிக்கு மூன்றடி, 6 மி.மீ. என்றால் சுமார் 17 கிலோ. கரண்டி விழுந்தால் வீடே திரும்பிப் பார்க்கும். வாங்குவதென்றால் டஃபன்டு கண்ணாடியே, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியே வாங்குங்கள். உடைந்தாலும் கத்திபோல் சிதறாமல் கற்கண்டு அளவில் உதிரும். அதைப் பிறகு வெட்ட முடியாது. எனவே அளவை இருமுறை எடுங்கள். குழந்தையின் நெற்றி இடிக்கும் உயரத்தில் இருப்பதால், மூலைகளை வளைவாகத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். அடியில் சிறு சிலிக்கோன் பொட்டுகளை ஒட்டினால், கண்ணாடி மரத்தில் உரசாது. சிந்திய ரசத்தின் ஈரமும் அடைபட்டுக் கிடக்காது.

தேக்குக்கு என் ஓட்டு கண்ணாடிக்கே. சன்மைக்கா ஒட்டிய மேசைக்கும், அடிக்கடி வாடகை வீடு மாறுபவர்களுக்கும் விரிப்பே போதும்.