முதல் கில்ட்: அக்ரிலிக்கா, பாலி விஸ்கோஸா, யாரோ கட்டிய பழைய கம்பளியா?

மடிசாருக்கு ஒன்பது கஜம் என்றால், ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடையான கில்ட்டுக்கு, முழு அளவில், எட்டு கஜம். ஊரில் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை, முட்டியோடு நின்றுவிடுகிற துணிக்கு ஏழேகால் மீட்டரா என்று சிரிக்கிறார்கள். அத்தனையும் பின்பக்கக் கொசுவத்துக்குள் போய்விடுகிறது. முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டை முந்திகள், பின்னால் இருபத்தைந்து முப்பது மடிப்புகள், அவ்வளவுதான் கில்ட். மலிவாகத் தைப்பவர்கள் எதில் கை வைக்கிறார்கள் என்றால் அந்தக் கொசுவத்தில்தான்.

கிளாஸ்கோவில் கூட வேலை செய்பவரின் கல்யாணத்துக்காக நான் கில்ட் தேட ஆரம்பித்தேன். வாடகைக்கு எடுத்தால் முழு செட் ஒரு நாளைக்கு நூறு பவுண்டை நெருங்கும். புதுக் கம்பளியில் அளவெடுத்துக் கையால் தைத்துத் தரும் கில்ட் நானூறு, ஐந்நூறு பவுண்டுக்குக் குறைந்து வராது, பல இடங்களில் அதற்கும் மேலே. முதல்முறை வாங்குகிறவன் அவ்வளவு போடுவானா? அப்புறம் மிஞ்சுவது மூன்று வழி: சுற்றுலாக் கடைகளில் தொங்கும் அக்ரிலிக், பாலி விஸ்கோஸ் என்கிற செயற்கை இழைக் கலவை, இல்லாவிட்டால் ஏற்கெனவே யாரோ கட்டிய கம்பளி. இதில் இரண்டை வாங்கிவிட்டேன், மூன்றாவதை நண்பன் கட்டுகிறான்.

அக்ரிலிக்கில் ஆரம்பிக்கிறேன், ஏமாந்தது அதில்தான். எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் நடந்தால் முப்பது, நாற்பது, ஐம்பது பவுண்டுக்கு வரிசையாகத் தொங்கும். நான் வாங்கிய கடை எது என்பதை விட்டுவிடுவோம். அட்டையில் ‘எட்டு கஜம், 13 அவுன்ஸ்’ என்று போட்டிருந்தது, கையில் எடுத்தால் மெத்துமெத்தென்று நன்றாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். 800 கிராம்.

இந்த எடைக் கணக்கைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அட்டையைவிட இது நம்பகமானது. 13 அவுன்ஸ், 16 அவுன்ஸ் என்று சொல்வதெல்லாம் தறியிலிருந்து வரும் இரட்டை அகலத் துணியில் ஒரு கஜத்தின் எடை. அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இணைத்துத்தான் கில்ட் தைப்பார்கள், ஆகவே எட்டு கஜ கில்ட்டுக்கு இரட்டை அகலத்தில் நாலு கஜம் போதும். நாலு பதினாறு 64 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 1.8 கிலோ. 13 அவுன்ஸ் துணியானால் ஒன்றரைக் கிலோவுக்கு ஒட்டி வரும். எட்டு கஜம் என்று சொல்லிவிட்டு 800 கிராம் எடை வந்தால் ஒன்று துணி மெல்லிசு, இல்லை நீளம் பொய். என்னுடையதில் நீளம்தான் பொய். ஒரு மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன்: உள்ளே போகும் ஆழம் ஒன்றேகால் அங்குலம், வெளியே தெரிவது ஒன்றரை. ஆழம் இரண்டு தடவை போகும், ஆக ஒரு மடிப்புக்கு நாலு அங்குலம், இருபது மடிப்புக்கு எண்பது அங்குலம். முன் முந்திகளையும் சேர்த்தால் நாலு கஜம் தேறுவதே கஷ்டம். ஒழுங்கான எட்டு கஜ கில்ட்டில் மடிப்பு மூன்று அங்குல ஆழம் போகும், வெளியே ஒரு அங்குலமோ அதற்கும் குறைவாகவோதான் தெரியும். நடக்கும்போது பின்னால் விசிறி மாதிரி விரிந்து மூடுகிற அழகு அந்த ஆழத்தினால்தான் வருகிறது.

ஆனால் கல்யாணத்தில் என்னைக் கைவிட்டது மடிப்பு இல்லை, வார். சாப்பாட்டுக்குப் பிறகு கேலி ஆட்டம் வைத்தார்கள் (அப்படித்தான் உச்சரிக்கிறார்கள், நம் கேலி இல்லை, கூட்டமாக ஆடும் ஸ்காட்டிஷ் நடனம்). எதிரெதிராக நின்று ஒருவர் கையை ஒருவர் கோத்துச் சுழற்றி வீசுகிற ஆட்டம் ஒன்று உண்டு, மூன்றாவது சுழற்சியில் வலப்பக்கத் தோல்வார் தையலோடு பிய்ந்து வந்துவிட்டது. மேல் முந்தி வலப்பக்கம்தான் மாட்டப்படுகிறது என்பதால் மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இடப்பக்க வார் தாங்கியது, ஒரு அக்கா ஊக்கு கொடுத்தார், மானம் தப்பியது.

மறுநாள் கில்ட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது, கடையிலேயே திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். நல்ல கில்ட்டின் உள்ளே, இடுப்பிலிருந்து பிட்டம் வரை, ஒரு கெட்டியான கேன்வாஸ் பட்டை இருக்கும், அதற்கு மேல்தான் லைனிங். வார் இழுக்கும் பாரத்தை அந்தப் பட்டை வாங்கிக்கொள்கிறது. என்னுடையதில் லைனிங்கை விரலால் தடவினால் அடியில் ஒன்றுமே இல்லை, வாரை வெறும் அக்ரிலிக் துணியில் நாலு தையல் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அப்புறம் மடிப்புகளைத் தைத்துச் சேர்த்திருக்கும் மேல்பகுதி: இடுப்பு குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருப்பதால் ஒவ்வொரு மடிப்பும் மேலே போகப் போக ஒடுங்க வேண்டும், கட்டங்களும் ஒரு மடிப்பிலிருந்து அடுத்ததற்கு முறியாமல் ஓட வேண்டும். மலிவானதில் நேராக ஒரு மெஷின் தையல், கட்டங்கள் ஆளுக்கொரு திசை. கீழ்க்கரையும் பாருங்கள், நல்ல கம்பளி டார்ட்டனுக்கு (கில்ட் தைக்கும் கட்டம் போட்ட துணி) தறியிலேயே முடிந்த கரை உண்டு, மடித்தடிக்க வேண்டியதில்லை. மடித்தடித்திருந்தால் கொசுவத்தின் அடிப்பாகம் தடித்துப்போய் விழுகிற விதமே கெட்டுவிடும்.

இந்த மலிவுக் கில்ட்டுகளில் பல பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கப்படுபவை, அதை வைத்தே இங்கே பலரும் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலகக் கோப்பைக்குப் பந்து தைத்த ஊர் அது, கைக்குக் குறைச்சலில்லை, முப்பது பவுண்டுக்கு விற்க ஆர்டர் கொடுத்தால் முப்பது பவுண்டுக்கான வேலைதான் வரும். ‘ஸ்காட்லாந்தில் வடிவமைக்கப்பட்டது’ என்று எழுதி, எங்கே தைத்தது என்பதை மறைக்கிற அட்டையைப் பார்த்தால்தான் எரிச்சல்.

பாலி விஸ்கோஸ் கதை வேறு. நூறிலிருந்து இருநூறு பவுண்டு வரை போகும். யார்க்ஷயரின் மார்ட்டன் மில்ஸ் இந்தத் துணிக்குப் பேர்போனது, அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் யூஎஸ்ஏ கில்ட்ஸ் இதில் நிறையத் தைக்கிறார்கள். தொட்டால் கம்பளி மாதிரியே இருக்கும், அரிக்காது, மெஷினில் துவைக்கலாம், மடிப்பு கலையாது. நண்பன் நாலு வருடமாக இதைத்தான் கட்டுகிறான், மழையிலும் பீரிலும் நனைத்தாயிற்று, இன்னும் கொசுவம் கத்தி மாதிரி நிற்கிறது. அக்ரிலிக்குக்கு அந்த யோகம் இல்லை, இரண்டு மாதத்தில் பிட்டத்தில் பஞ்சுருண்டை கட்டும், கொஞ்சம் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் பளபளவென்று வழவழத்துவிடும். பாலி விஸ்கோஸில் எனக்குள்ள ஒரே குறை எடை. லேசான துணி, ஸ்காட்லாந்துக் காற்று சும்மா விடாது.

அதனால் நான் இரண்டாவதாகப் போனது பழைய கம்பளிக்கு. வாடகைக் கடைகள் தேய்ந்த சரக்கை அவ்வப்போது கழித்துத் தள்ளும், 16 அவுன்ஸ் கம்பளிகூட நூறு பவுண்டு சுற்றுவட்டாரத்தில் கிடைத்துவிடும். கலைந்துபோன பைப் பேண்டுகளின் (பேக்பைப் வாசிக்கும் குழுக்கள்) கில்ட் கிடைத்தால் யோகம், கல் மாதிரி உழைக்கும், ஆனால் இடுப்பு உயரமாக வெட்டியிருப்பார்கள், குள்ளமானவர்களுக்கு நெஞ்சு வரை வரும். பழையதில் பார்க்க வேண்டியது மூன்று. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்பது முதலில். அப்புறம் உட்கார்ந்து உட்கார்ந்து பின்புறம் வழவழத்திருக்கிறதா என்பது. பக்கிள் எத்தனை தடவை இடம் மாறியிருக்கிறது என்பதையும் பாருங்கள், பழைய தையல் துளைகள் காட்டிக் கொடுத்துவிடும். இடுப்பு இரண்டு அங்குலம் வரை கூடக் குறைய இருந்தால் பக்கிளை நகர்த்திச் சமாளிக்கலாம். நீளத்தில் அந்தச் சலுகை கிடையாது, தறிக்கரையை வெட்ட முடியாது. முட்டி போட்டு நிமிர்ந்து நின்றால் கீழ்க்கரை தரையில் படியாமல் ஒரு அங்குலம் மேலே நிற்க வேண்டும், அதுதான் அளவு.

அளவு என்றதும் ஞாபகம், பேன்ட் சைஸை வைத்து ஆர்டர் போடாதீர்கள். கில்ட்டை வேட்டி மாதிரி தொப்புள் உயரத்தில் கட்ட வேண்டும், அங்கே என் சுற்றளவு பேன்ட் அட்டையில் இருப்பதைவிட மூன்றரை அங்குலம் அதிகம். வீட்டில் இதைப் பற்றி ஒரு அபிப்பிராயம் சொன்னார்கள், அது இங்கே வேண்டாம்.

சியாட்டிலில் 2000 வாக்கில் கிளம்பிய, பை வைத்த பருத்திக் கில்ட்டும் ஒன்று உண்டு. வெயிலில் தோட்ட வேலைக்கு நல்லது, கல்யாணத்துக்குக் கட்டிப் போனால் பிளம்பர் வந்திருக்கிறார் என்பார்கள். குலத்துக்கொரு டார்ட்டன் உண்டு, எந்தக் குலத்துடையதைக் கட்டலாம் என்று பயப்படவும் வேண்டாம், தடுக்கச் சட்டம் ஒன்றும் இல்லை. என்னுடையது பிளாக் வாட்ச், கரும்பச்சையும் கருநீலமும், யார் வேண்டுமானாலும் கட்டலாம், கறை தெரியாது.

ஆக, ஒரே ஒரு கால்பந்து மேட்ச் பார்க்கக் கட்டிப்போக என்றால் அக்ரிலிக் வாங்குங்கள், வாரை மட்டும் வீட்டிலேயே கேன்வாஸ் துண்டு வைத்து மறுபடி தைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடுப்புக்கும் நீளத்துக்கும் பழைய கம்பளி அமைந்தால் யோசிக்காமல் எடுங்கள், அமையவில்லை என்றால் மட்டும் பாலி விஸ்கோஸ். என் கம்பளி 95 பவுண்டு, தராசில் 1.7 கிலோ, பக்கிளை நகர்த்தித் தைத்ததற்கு இன்னொரு பன்னிரண்டு. இப்போது அலமாரியில் மனைவியின் காஞ்சிப்பட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே அந்துருண்டை.