350 வெள்ளிக்கு ஒரு சிஜில்: சுங்கை சிப்புட் பக்கம் கூரை வேலை செய்பவர்கள் பாருங்கள்

செம்பனை ஆலையில் கூரைத் தகரம் மாற்றும் வேலை. உயரத்தில் ஏறுகிறவர்களிடம் பயிற்சி சிஜில் (சான்றிதழ்) இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்றார் எங்கள் கான்ட்ராக்டர். ஆளுக்கு 350 வெள்ளி, சம்பளத்தில் வெட்டிக்கொண்டார். நானும் அக்கா மகனும் போனோம்.

டயர் கடைக்கு மேல்மாடி. பதினான்கு பேருக்கு ஹார்னஸ், அதாவது விழாமல் காக்க உடம்பில் மாட்டும் வார்க்கட்டு, ஒன்றே ஒன்று. அதையும் பயிற்சியாளர் தானே மாட்டிக் காட்டிவிட்டுப் பையில் வைத்துவிட்டார். தொடை வாரை எவ்வளவு இறுக்குவது, தையல் பிரிந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, எதையும் நாங்கள் தொட்டுப் பார்க்கவில்லை. படம் ஓட்டினார், நாசி லெமாக் கொடுத்தார். சம்பல் நன்றாக இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டரைக்கு எல்லாரையும் நிற்க வைத்து ஒரு போட்டோ. கையில் வந்த சிஜிலில் 'இரண்டு நாள் பயிற்சி' என்று இருந்தது.

நடுவில் அக்கா மகன் கேட்டான்: "விழுந்து கயித்துல தொங்கினா எப்படி சார் இறக்குறது?"

"999க்கு அடிங்க தம்பி." எல்லாரும் சிரித்தோம், நானும்தான்.

ஆலையின் சேஃப்டி ஆபீசர் சிஜிலை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். ஹார்னஸ் கயிற்றின் கொக்கியைக் காலடி உத்தரத்தில் மாட்டினால் கீழே எவ்வளவு இடம் வேண்டும்? முழித்தேன். அவரே கணக்குப் போட்டார். கயிறு 2 மீட்டர். கயிற்றோடு இருக்கும் அதிர்ச்சி தாங்கும் பை கிழிந்து நீள்வது 1.75 மீட்டர் வரை. கயிறு மாட்டும் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை. கையிருப்பாக இன்னும் 1. ஆக ஆறேகால் மீட்டர். நாங்கள் ஏறவிருந்த கொட்டகையின் உயரம் நாலரை! கயிறு பிடித்து நிறுத்துவதற்குள் தரை வந்துவிடும்.

தொங்குகிறவனுக்கு ரத்தம் காலில் தேங்கி, சில நிமிடத்திலேயே மயக்கம் வரலாம் என்றும் சொன்னார். தோட்டத்து மண் சாலையில் ஆம்புலன்ஸ் எப்போது வந்து சேரும் என்று நமக்குத் தெரியாதா?

பணம் கட்டுமுன் கேளுங்கள்: ஆளுக்கு ஒரு ஹார்னஸ் உண்டா, எங்களைத் தொங்கவிட்டு இறக்கிப் பழக்குவீர்களா? பணத்தையே நீங்கள் கட்டக்கூடாது என்பது வேறு கதை. பயிற்சி தருவது முதலாளியின் கடமை. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, அந்தக் கடமைக்கான செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்க முடியாது. இதைச் சொன்னதிலிருந்து கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை.

அந்தப் போட்டோ இப்போது அவர்கள் விளம்பரமாக வாட்சப்பில் சுற்றுகிறது. பின்வரிசையில் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்பவன் நான்தான்.