புது விசுவாசியை எங்கே உட்கார வைப்பது? வகுப்பா, கூடவே ஓர் அக்காவா, வீட்டுக் கூட்டமா, வாட்ஸாப்பா

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான், இப்போது டவுனில் தாமான் வீடு. எங்கள் சபையில் புதிதாக ஞானஸ்நானம் எடுப்பவர்கள் பெரும்பாலும் குடும்பத்தில் தனி ஆள். அப்பா, அம்மா, மாமியார், பக்கத்து வீடு எல்லாரும் கோயிலுக்குப் போகிறவர்கள். "வேதக்காரனா ஆயிட்டானாம்" என்று ஒருவர் சொன்னால் போதும், மறுநாள் தோட்டம் முழுக்கத் தெரியும். அதனால் புதிதாக வந்தவரைத் தாங்க எந்த ஏற்பாடு நல்லது என்று பேச்சு வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: தைப்பூச வாரத்தை அது தாங்குமா? வீடே ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் கிளம்புகிறது, தம்பி காவடி எடுக்கிறான், "நீ மட்டும் வரலையா" என்று அம்மா கண் கலங்குகிறார். அன்றைக்கு ராத்திரி இந்தப் புது விசுவாசி யாருக்குப் போன் போடுவார்?

முதலில் வகுப்பு. ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம், எட்டு வாரம், நடத்துபவர் ஐயர், அதாவது சபைப் போதகர். திரித்துவம், ஞானஸ்நானம், திருவிருந்து எல்லாம் ஒழுங்காக வரும், தவறாகச் சொல்லிக்கொடுக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் ஷிப்ட் வேலை செய்கிறவருக்கு எட்டு ஞாயிறும் கிடைக்காது. இன்னொன்று, யாரும் வாய் திறந்து சொல்லாதது: மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பழைய பைபிள் மொழிபெயர்ப்பில் இருக்கும் தமிழ் ஓடாது. "நீதிமானாக்கப்படுதல்" என்ற சொல்லில் திக்கி, மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று குனிந்துகொண்ட ஒரு தம்பி அடுத்த வாரம் வரவில்லை. மலாய் பைபிளான அல்கித்தாபைப் பக்கத்தில் வைத்துப் படிக்கவிட்டிருந்தால் வந்திருப்பான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எட்டு வாரம் முடிந்தால் சான்றிதழ், ஒரு போட்டோ, அப்புறம் அவரவர் பாடு.

இரண்டாவது, அனுபவமுள்ள ஓர் அண்ணனோ அக்காவோ தனியாகக் கூட இருப்பது. விபூதியை அம்மா நெற்றியில் பூசிவிட்டால் துடைக்கணுமா, அப்பா கருமாதிக்கு மொட்டை போடலாமா, தாலியில் இருக்கிற உருவத்தை என்ன செய்வது? இந்தக் கேள்விகள் பத்துப் பேர் நடுவில் வராது, ஒட்டுக்கடையில் தே தாரேக் குடிக்கும்போதுதான் வரும். இதன் பலவீனமும் அந்த ஒரே ஆள்தான். அவர் கோபக்காரர் என்றால் இவரும் ஆறு மாதத்தில் எல்லாரையும் கண்டிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் சிங்கப்பூர் வேலைக்காக ஜோகூருக்கு மாறினால் கதை முடிந்தது, எங்களிடம் இது நடந்திருக்கிறது. இந்த முறைக்குப் பைபிளில் வரும் பிரசங்கியார் அப்பொல்லோவைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அப்போஸ்தலர் 18ஐ எடுத்துப் பாருங்கள், அவருக்கு விளக்கிச் சொன்னது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், கணவனும் மனைவியுமாக இரண்டு பேர். ரோமர் 16இல் அந்த இருவர் வீட்டில்தான் ஒரு சபையே கூடுகிறது.

அங்கிருந்து நேராக வீட்டுக் கூட்டத்துக்கு வரலாம், செல் குரூப் என்றும் சொல்கிறோம். இது சிலர் நினைப்பது போலக் கொரியாக்காரர்கள் நேற்றுக் கண்டுபிடித்ததில்லை. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்ட் சபையார் கட்டடக் கடனை அடைக்கப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று பிரித்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கப் போனார்கள். போன இடத்தில் ஒருவர் குடிக்கிறார், ஒரு வீட்டில் சண்டை என்று தெரியவந்தது. அவர்கள் தலைவர் ஜான் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார், வசூல் கூட்டம் ஆத்தும விசாரணைக் கூட்டமாக மாறியது. கத்தோலிக்கர்களும் தீபகற்ப மலேசியாவில் 1976 முதல் அன்பியங்களை, அதாவது அக்கம்பக்கத்தார் கூடும் சின்னக் குழுக்களை, முக்கியமாக எடுத்து நடத்துகிறார்கள். அவர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம், வயது பார்த்துப் பிரிக்காமல் வட்டாரம் பார்த்துப் பிரிப்பது. நம் சபைகளில் வாலிபர் தனி, பெண்கள் தனி. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பஸ் இல்லாத தோட்டத்திலிருந்து, மோட்டார் ஓட்டத் தெரியாத ஒரு பெண் டவுனில் நடக்கும் வாலிபர் கூட்டத்துக்கு எப்படி வருவாள்?

வீட்டுக் கூட்டத்தில் கெட்டதும் நிறைய உண்டு. சோபா இருக்கிற வீட்டிலேயே எப்போதும் கூடினால் லயத்து ஆட்கள் செருப்பைக் கழற்றும்போதே கூசிப்போகிறார்கள். மீஹூனில் தொடங்கிய சாப்பாடு பிரியாணி வரை போய், அடுத்த முறை வீடு கொடுக்க ஆள் இல்லை (தே ஓவும் பிஸ்கட்டும் போதும் என்று இப்போது சட்டமே போட்டுவிட்டோம்). தலைவர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தால் அது இன்னொரு ஞாயிறு. எல்லாவற்றிலும் மோசம், ஜெபக் குறிப்பு என்று சொன்னது சனிக்கிழமைக்குள் பாசார் வரை போய்விடுவது. சின்ன ஊர், இதில் ஒருமுறை சூடு பட்டவர் திரும்ப வாய் திறக்கமாட்டார்.

வாட்ஸாப், ஜூம்? 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அதுதான் எங்களைத் தாங்கியது, மறுக்கவில்லை. இப்போது காலையில் ஒரு வசனம் போடுவார்கள், இருபது பேர் கைகூப்புவார்கள், யார் அழுதுகொண்டிருக்கிறார் என்று தெரியாது. நைட் ஷிப்ட்காரருக்கு மட்டும் அது கூடுதல் உதவி.

எங்கள் வழக்கம் வகுப்பு, ஞானஸ்நானம், கடைசியில் செல் குரூப். நான் தலைகீழாக்கச் சொல்கிறேன். முதல் வாரமே அருகிலுள்ள வீட்டுக் கூட்டம், அங்கே கூட இருக்க ஒருவரல்ல, இருவர். வகுப்பு மூன்று மாதம் கழித்து வரட்டும், அதற்குள் கேட்கக் கேள்வியாவது சேர்ந்திருக்கும்.

போன தைப்பூசத்துக்கு முதல் நாள், எங்கள் கூட்டத்து அக்கா ஒருவர் அப்படி வந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய், அவள் அம்மாவோடு உட்கார்ந்து மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தார். சபையில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அடுத்த வியாழன் அந்தப் பெண் கூட்டத்துக்கு வந்தாள், அம்மா கொடுத்துவிட்ட உளுந்து வடையோடு. அன்றைக்கு மட்டும் பிஸ்கட் சட்டத்தை மீறினோம்.