லுவாரா, பர்கண்டியா, தோர்தோனா: பிரான்சின் குன்றுப்புறத்தில் மூன்று சைக்கிள் பாதைகள்

பிரான்சின் நாட்டுப்புறத்தைப் பத்து நாள் சைக்கிளில் சுற்றிவரத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் பாதையின் நீளத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நீளத்தைவிட ஏற்றத்தைப் பார்ப்பதே பயன் தரும். ஓட்டுபவர், வண்டி, பைகள் எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை 1000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 981 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒருவர் விடாமல் மிதித்து 100 வாட் தருகிறார் என்றால், அது முழுவதும் ஏற்றத்துக்கே போனாலும் இரண்டேமுக்கால் மணி நேரம் ஆகிவிடும். அதே நேரத்தில், அதே உழைப்பில், காற்றில்லாத சமதளத்தில் சுமார் 50 கிலோமீட்டர் போய்விடலாம். ஏறியதை இறக்கத்தில் திரும்பப் பெறலாம் என்பதும் முழு உண்மையில்லை. குன்றுப்புறத்தில் இறக்கத்தின் அடியில் ஒரு வளைவோ, குறுகிய பாலமோ, கிராமத்துச் சந்திப்போ இருக்கும். சேர்த்த வேகம் பிரேக்கிலேயே கரைந்துவிடும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டே லுவார், பர்கண்டி, தோர்தோன் ஆகிய மூன்று பகுதிகளையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

அதிகம் பேர் போவது லுவார் ஆற்றுப் பாதைதான். லுவாரும் அலியே ஆறும் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள குஃபி கிராமத்தில் தொடங்கி, அட்லாண்டிக் கரையிலுள்ள சேன் பிரெவேன் வரை சுமார் 900 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை, கருங்கடல் வரை நீளும் யூரோவெலோ 6 என்னும் ஐரோப்பியத் தடத்தின் ஒரு பகுதியாகும். வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனால் வரைபடத்தை எடுக்கவேண்டிய தேவை அநேகமாக வராது. ப்ளுவா, அம்புவாஸ், சோமூர் என்று கோட்டைகளும் அரண்மனைகளும் வரிசையாக வருகின்றன. சிறிது விலகிக் காட்டுக்குள் போனால் ஷாம்போர் அரண்மனை இருக்கிறது. ஆனால் குன்றுகளை நாடி வருபவருக்கு இது ஏமாற்றம் தரும். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய கரைகளின் மேல் மணிக்கணக்கில் நேராக ஓட்டவேண்டியிருக்கும். சான்செர் ஊருக்கு ஏறுவது போன்ற விதிவிலக்குகள் சிலவே. அவையும் விலகிப் போனால்தான் கிடைக்கும். இங்கே உண்மையான ஏற்றம் காற்றுதான். கடலிலிருந்து மேற்குக்காற்று அடிக்கும் நாட்களே மிகுதி என்பதால், வழிகாட்டிகள் சொல்லும் திசையில் கடலை நோக்கிப் போகிறவர் எதிர்காற்றில் மிதிக்க நேரிடுகிறது. நாந்த் நகரில் தொடங்கி ஓர்லேயானை நோக்கி ஓட்டுவதே நல்லது என்பது என் கருத்து. கடலைக் கடைசியில் பார்த்து முடிக்கும் இன்பம் போய்விடும் என்றாலும் முழங்கால் நன்றி சொல்லும்.

பர்கண்டி வேறு வகை. அங்கே ஏற்றத்தை நாள்தோறும் நாமே அளந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் மற்ற இரண்டுக்கும் இல்லாத சிறப்பு. ஷலோனிலிருந்து க்ளூனி வழியாக மாகோன் வரை சுமார் 70 கிலோமீட்டருக்குப் 'பச்சைப் பாதை' ஒன்று போகிறது. அதில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையிலுள்ள 44 கிலோமீட்டர் 1997-இல் திறக்கப்பட்டது. கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேல் தார் போட்டு அமைத்த பாதை அது. ரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே இந்தப் பாதையும் ஏறாது, குன்றுகளின் இடுப்பைச் சுற்றிக்கொண்டே போகும். பழைய நிலையக் கட்டிடங்களும் நடைமேடைகளும் வழியில் அப்படியே நிற்கின்றன. க்ளூனிக்குத் தெற்கே புவா க்ளேர் சுரங்கம் வருகிறது, ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர் நீளம். ஜூலை வெயிலில் வியர்த்துக்கொண்டு அதற்குள் நுழைபவர் பத்துப் பெடல் மிதிப்பதற்குள் கைகளில் குளிரை உணர்வார். ஆகவே வாசலிலேயே நின்று மேற்சட்டையை மாட்டிக்கொண்டு, விளக்கையும் போட்டுக்கொள்வது நல்லது. குளிர்காலத்தில் வௌவால்களின் உறக்கத்தைக் கெடுக்காமல் இருக்கச் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அப்போது மேலேயுள்ள கணவாயை ஏறித்தான் கடக்கவேண்டும்.

இந்தத் தடத்தை முதுகெலும்பாக வைத்துக்கொண்டால், கால் தெம்பாக இருக்கும் நாளில் இருபுறமும் விலகிக் குன்றேறலாம். கோட்டையும் ரோமனெஸ்க் தேவாலயமும் உள்ள ப்ரான்சியோன், 493 மீட்டர் உயரத்தில் கப்பலின் முகப்பைப் போல் நிற்கும் சொலுத்ரே பாறை, வெள்ளை நிற ஷரோலே மாடுகள் மேயும் வேலியிட்ட புல்வெளிகள் எல்லாம் சிற்றூர்ச் சாலைகளில் எட்டும் தொலைவில்தான் உள்ளன. களைத்துவிட்டால் பச்சைப் பாதைக்கே இறங்கிவிடலாம். வடக்கே போன் நகரிலிருந்து சாந்த்னே வரை திராட்சைத் தோட்டங்களுக்குள் செல்லும் பாதை பொம்மார், வோல்னே, மெர்சோ என்று மதுப்புட்டிகளில் மட்டும் பார்த்த பெயர்களைக் கிராமங்களாகக் காட்டுகிறது. அந்தப் பாதையில் ஒரு கவனம் தேவை. கொடி வரிசைக்கு இருபுறமும் சக்கரம் பரப்பி ஓடும் உயரமான டிராக்டர்கள் அங்கே வேலைக்கு வந்து போகும். பாதை முதலில் தோட்டக்காரர்களுடையது, பிறகுதான் நம்முடையது. செப்டம்பர் அறுவடையில் ஒதுங்கி நின்றே பாதி நேரம் போய்விடும்.

குன்றே வேண்டாம் என்று தோன்றும் நாட்களுக்குப் பர்கண்டிக் கால்வாய் இருக்கிறது. யோன், சோன் ஆறுகளை இணைக்கும் 242 கிலோமீட்டர் நீளமுள்ள அதில் படகுகளை ஏற்றி இறக்கும் 189 மதகுகள் உள்ளன. படகை ஒரு மதகு எத்தனை உயர்த்துகிறதோ, கரையிலுள்ள பாதையும் அத்தனை ஒரே மூச்சில் ஏறும். அதற்கப்பால் அடுத்த மதகு வரை தட்டையாகக் கிடக்கும். முதல் நாள் இது இனிமையாக இருக்கும். மூன்றாம் நாள் ஒரே மாதிரியான மரவரிசையைப் பார்த்துச் சலிப்புத் தட்டிவிடும் என்பதையும் சொல்லவேண்டும்.

தோர்தோன் பக்கம் போகிறவருக்குச் சலிப்பு என்ற பேச்சே எழாது. ஆறு ஆழமாக அறுத்த பள்ளத்தாக்கு, அதன் மேல் சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம், விளிம்பில் ஊர்கள் என்று நிலமே மேலும் கீழுமாக அமைந்திருக்கிறது. ஆற்றிலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் தோம் ஊருக்குச் செனாக் பாலத்திலிருந்து ஏறுகிறவர், அன்றைக்கு அப்படி இன்னும் மூன்று நான்கு ஏற்றங்கள் காத்திருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. பேனாக் கோட்டை, வெஸேர் பள்ளத்தாக்கின் வரலாற்றுக்கு முந்தைய குகைகள் ஆகியவை நெருக்கமாக இருப்பதால், வரைபடத்தில் 40 கிலோமீட்டர் என்று தெரிவது ஒரு முழுநாள் உழைப்பாகிவிடுகிறது. சார்லாவிலிருந்து கிழக்கே பழைய ரயில் தடத்தில் ஒரு பச்சைப் பாதை உண்டு. மற்றபடி காருடன் சாலையைப் பகிர்ந்தே ஓட்டவேண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஆற்றோரச் சாலையில் சுற்றுலா வண்டிகள் நெருக்கும். மேட்டு நிலத்தில் நெரிசல் இல்லை, ஆனால் நிழலும் தண்ணீரும் அரிது. அழகில் மூன்றில் முதலிடம் இதற்கே. இருந்தும், பைகளைக் கட்டிய வண்டியை முதல்முறை ஓட்டுகிறவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

கியரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சேன்தெத்தியேன் நகரத்தைச் சேர்ந்த போல் து விவி, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் பல கியர்களின் பயனை வாழ்நாளெல்லாம் வாதாடிய மனிதர்; 1930-இல் அவர் இறந்தபோதும் டூர் து பிரான்ஸ் பந்தயம் சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் 'டிரெய்லியர்' கருவியை ஏற்கவில்லை, 1937-இல்தான் ஏற்றது. பந்தயக்காரர்களின் வீம்பு நமக்கெதற்கு? தோர்தோனுக்கு முன்பல்சக்கரத்தில் 26, பின்னால் 34 பற்கள் இருந்தால் வெட்கப்படவேண்டியதில்லை. லுவாரில் எந்த வாடகை வண்டியும் போதும். பர்கண்டியில் இரண்டுக்கும் நடுவே.

மிச்செலின் வரைபடங்களில் சாலையின் குறுக்கே சிறிய அம்புமுனைகளைக் காணலாம். அவை ஏற்றத்தின் திசையைக் காட்டுகின்றன. ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு இருந்தால் 9 முதல் 13, மூன்று இருந்தால் அதற்கும் மேல். மூன்று பகுதிகளின் தாள்களையும் மேசையில் விரித்து இந்த அம்புகளை மட்டும் தேடிப் பார்த்தால், லுவார் தாளில் கண் அலைந்துகொண்டிருக்கும், தோர்தோன் தாளில் எங்கே தொடுவது என்று தெரியாது.

ரயில் வசதியில் லுவார் முந்துகிறது: ஓர்லேயான், ப்ளுவா, தூர், சோமூர், ஆன்ஜே எல்லாம் ஆற்றோரத்திலோ அருகிலோ உள்ள நிலையங்கள், கோடையில் சைக்கிள்களுக்கென்று இடம் ஒதுக்கிய ரயில்களும் ஓடுகின்றன. பர்கண்டியில் ஷலோன், மாகோன், போன், திழோன் ஆகியவற்றுக்கு வட்டார ரயில்கள் உண்டு. தோர்தோனில் சார்லா ஒரு கடைக்கோடி நிலையம். வண்டி பழுதானால் அல்லது மழை விடாமல் பிடித்தால் தப்பிக்கும் வழிகள் குறைவு. டி.ஜி.வி. என்னும் அதிவேக ரயிலில் சைக்கிளுக்கு இடம் சில ரயில்களில் மட்டுமே என்பதால் முன்பதிவு செய்யாமல் நிலையத்துக்குப் போகக்கூடாது.

சாப்பாட்டில் மூன்றுக்கும் வேறுபாடில்லை. சிற்றூர்ச் சமையலறைகள் பிற்பகல் 2 மணிக்குள் அடைந்துவிடும். ஞாயிறு மாலையும் திங்களும் கடைகள் மூடியிருக்கும். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக் குழாயைத் தேடுவது அங்கே சைக்கிள்காரர்களின் பழைய வழக்கம். குடிக்கத் தக்கதல்ல என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

எட்டு நாள் மட்டுமே கையிலிருந்தால் நான் மே மாத இறுதியில் ஷலோன் நிலையத்தில் இறங்குவேன். முதல் இரண்டு நாள் பச்சைப் பாதையில் க்ளூனி வரை மெதுவாக, அங்கேயே மூன்று இரவு தங்கிப் பைகளை விடுதியில் வைத்துவிட்டுச் சுற்றுவட்டக் குன்றுகளை வெறும் வண்டியில், பிறகு சுரங்கம் வழியாகச் சொலுத்ரே, கடைசியில் மாகோனில் ரயில். தோர்தோனை அதற்கடுத்த ஆண்டின் செப்டம்பருக்கு வைத்துக்கொள்வேன், சிறிய பல்சக்கரத்தை மாட்டிய பிறகு.