வாளையார் வழியே பெட்டக ரயில்: ஓர் ஏற்றுமதியாளரின் மதிப்பீடு

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரிலிருந்து நாங்கள் ஏற்றுமதி செய்யும் தென்னை நார்க்கழிவுக் கட்டிகளை, கோவைப் பக்கத்து உள்நாட்டுச் சரக்கு முனையம் ஒன்றின் வழியாகக் கொச்சியின் வல்லார்பாடம் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் பெட்டக (கன்டெய்னர்) ரயில் சேவையை ஓராண்டாகப் பயன்படுத்துகிறோம். (கிழக்கே போய் மேற்கே திரும்புவது வேடிக்கைதான்.) பாரமான சரக்கு சேதமின்றிச் சேர்கிறது; பெட்டகத்தின் முத்திரை கலைந்ததே இல்லை. ஆனால் 45 வேகன்கள் கொண்ட ஒரு ரயில் தொடர் 20 அடிப் பெட்டகங்கள் 90ஐ ஏற்றக்கூடியது என்பதால், போதிய சரக்குச் சேரும்வரை நம் பெட்டகம் முனைய முற்றத்திலேயே கிடக்கிறது. ஒருமுறை அதனாலேயே கப்பலைத் தவறவிட்டோம், ரயில் சேவை நிறுவனமோ முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவுக்கு, இரு முனைகளிலும் டிரெய்லர் வாடகையும் ஏற்றிறக்கு கூலியும் சேர்ந்தால் ரயில் கட்டணத்தின் லாபம் கரைந்துவிடுகிறது. அவசரமில்லாத சரக்குக்கு மட்டும் இச்சேவையைத் தொடர்கிறோம். மற்றவை லாரியிலேயே செல்கின்றன.