பாலைவனப் பாதைக்கு எண்ணெய்க் கூப்பன் விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இறங்கி, அங்கிருந்து உலுரு மலை வரைக்கும் சொந்தமாக வண்டி ஓட்டிப் போக நினைக்கும் கோலாலம்பூர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். போன ஜூலையில் நாங்கள் மூன்று பேர் 4,200 ரிங்கிட் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதுகூடப் பரவாயில்லை. என் அப்பாவை அந்தக் குளிரில் நடுரோட்டில் நிற்க வைத்துவிட்டேனே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டறைச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருந்ததாம், அதில் அந்தச் சிவப்பு மலை. பல வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்திருக்கிறார். இப்போது அந்த மலையில் ஏற முடியாது, 2019 அக்டோபரிலிருந்து தடை. அது அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்குப் புனிதமான இடம். "ஏற வேண்டாம், எதிரில் நின்று பார்த்தால் போதும்" என்றார் அப்பா. அப்பா, நான், என் மச்சான், மூன்று பேரும் கிளம்பினோம்.

நாங்கள் போனது கிரேட் சென்ட்ரல் ரோடு. லாவர்டன் என்ற சின்ன ஊரில் தொடங்கி உலுருக்குப் பக்கத்திலுள்ள யுலாரா வரை 1,100 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பகுதி மண் ரோடு. நம்ம வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிற மாதிரி அடிக்கடி ஓய்விடமோ பெட்ரோல் ஸ்டேஷனோ வராது. ஒரு எண்ணெய் பம்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் 250, 300 கிலோமீட்டர் இருக்கும். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவைத் தாண்டிப் போகிற தூரம். நடுவில் ஒரு கடை கிடையாது, கைப்பேசி சிக்னலும் கிடையாது. அங்கே எண்ணெய், டயர், சாப்பாடு, படுக்கை எல்லாமே ரோட்ஹவுஸ் என்று சொல்கிற அந்த ஒற்றைக் கடைதான்.

அந்தக் கடைகளில் ஒன்றைப் பற்றித்தான் வதந்தி.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு, உறவினர் ஒருவர் இருக்கும் பயண வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவர் நம்ம ஊர் தமிழர்தான், பேச்சிலேயே தெரிந்தது. "அந்த ரோட்ஹவுஸ்ல மட்டும் நிறுத்திடாதீங்க. எண்ணெய்ல என்னமோ கலக்குறாங்க, இஞ்சின் போயிடும். பம்பையே கூண்டுல பூட்டி வச்சிருக்காங்க, நம்மள மாதிரி ஆளுங்களுக்குத் தொறக்க மாட்டாங்க." கூடவே ஒரு படம். நிஜமாகவே எண்ணெய் பம்பைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு, அதில் பெரிய பூட்டு. படம் இருக்கும்போது யார்தான் நம்ப மாட்டார்கள்? நானும் நம்பினேன். அதை நான்கு பேருக்கு அனுப்பியும் வைத்தேன்.

அந்தப் பதிவின் கீழே ஒரு தொலைபேசி எண் இருந்தது. பாதுகாப்பாகப் போய்வர வழி சொல்லும் ஆளாம். பிரிக்பீல்ட்ஸில் மாடியில் ஒரு சின்ன அலுவலகம். பெயர் போட மாட்டேன், வழக்கு நடக்கிறது. நன்றாகப் பேசினார், அப்பாவை "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டார். சுவரில் ஒரு பெரிய வரைபடம். அதில் அந்த ரோட்ஹவுஸ் மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டு, "இதுல கால் வைக்காம தாண்டிடுங்க அண்ணே. அடுத்ததுல நம்ம ஏற்பாடு இருக்கு" என்றார்.

அந்த ஏற்பாடுதான் கூப்பன். நீலத் தாள், முத்திரை, வரிசை எண். அடுத்த ரோட்ஹவுஸிலிருந்து உலுரு வரையிலும், அதே வழியாகத் திரும்பி வரும்போதும் அதைக் காட்டினால் எண்ணெய் போடுவார்களாம். 2,400 ரிங்கிட். அதோடு பாலைவன அனுமதிச் சீட்டு ஆளுக்கு 250. "கெட்ட எண்ணெயிலிருந்து இஞ்சினைக் காப்பாற்றும்" மருந்து ஆறு புட்டி, 450. செயற்கைக்கோள் தொலைபேசி வாடகை 600. மச்சான் அப்போதே என் காதில் சொன்னார், "கொஞ்சம் விசாரிச்சுட்டு வரலாமே" என்று. அப்பாவை வைத்துக்கொண்டு ஆபத்தான இடத்துக்குப் போகிறோமே என்ற பயத்தில் நான் அங்கேயே கட்டினேன்.

அனுமதிச் சீட்டின் லட்சணம் லாவர்டன் தகவல் மையத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பாதை பூர்வகுடி மக்களின் நிலம் வழியாகப் போகிறது. கடந்துபோக அனுமதி வேண்டும் என்பது உண்மை. மேற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கு ஒன்று, வட பிரதேசப் பகுதிக்கு ஒன்று என இரண்டு. ஆனால் இரண்டும் இலவசம், இணையத்தில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். எங்கள் கையில் இருந்தது எங்கள் பெயர்களைத் தட்டச்சு செய்த வெறும் தாள். அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பித்து, கிடைக்கும்வரை ஊரில் தங்கினோம். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். "சரி, சீட்டில் ஏமாற்றிவிட்டான், கூப்பனாவது ஒழுங்காக இருக்கும்" என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ரோட்ஹவுஸில் எங்கள் காசிலேயே டாங்கியை நிரப்பினோம். அடுத்ததைத் தாண்டிவிடுவதாகத் திட்டம். இங்கேதான் நன்றாகக் கவனிக்க வேண்டும். நடுவிலுள்ள ஒன்றைத் தாண்டினால் எண்ணெயில்லாமல் ஓட வேண்டிய தூரம் கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். தார் ரோட்டில் அது ஒன்றுமில்லை. இந்த மண் ரோடு தகரக் கூரைபோல வரி வரியாக இருக்கும், மணல் வரும், வண்டி எண்ணெயைக் குடிக்கும். வழியில் ஏதாவது ஆகி இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தால் இன்னும் குடிக்கும். மாடியறையில் உட்கார்ந்து சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்ட ஆள் இதை ஒரு தடவையாவது யோசித்திருப்பாரா என்று தெரியவில்லை.

அந்த ரோட்ஹவுஸுக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும்போது பின் டயர் வெடித்தது. ஸ்பேர் மாட்டினோம். கொஞ்ச தூரத்தில் இன்னொரு டயரில் காற்று இறங்கத் தொடங்கியது. அங்கே கடிகாரம் நம்ம ஊர் மணிதான், ஆனால் ஜூலையில் ஐந்து மணி தாண்டியதும் சூரியன் இறங்கிவிடுகிறது. இருட்டினால் ரோட்டில் ஒட்டகமும் கங்காருவும் வரும். குளிர் எலும்பில் ஏறியது. அப்பா கைலியை ஸ்வெட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு டார்ச் பிடித்து நின்றார். செயற்கைக்கோள் தொலைபேசியை எடுத்தேன். திரை எரிந்தது, அழைப்பு போகவில்லை. அதிலிருந்த சிம்முக்குக் கணக்கே இல்லை என்று பிறகு தெரிந்தது. அதை பெர்த்திலேயே ஒரு தடவை அடித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

எந்த இடத்தில் நிறுத்தவே கூடாது என்று பணம் கட்டினோமோ, அதே இடத்துக்கு வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம். கடை மூடியிருந்தது. கூண்டு, பூட்டு, எல்லாம் படத்தில் பார்த்தது மாதிரியே. அப்பாவை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, நானும் மச்சானும் பயந்துகொண்டேதான் கதவைத் தட்டினோம்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். எங்களைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், வண்டிக்குள் அப்பாவைப் பார்த்தார். முதலில் அப்பாவைத்தான் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்து, பால் விட்ட தேநீர் கொடுத்தார். அப்புறம் ஒரு பையனை எழுப்பி டயரைப் பார்க்கச் சொன்னார். கடை நேரம் முடிந்து திறந்தால் இவ்வளவு கட்டணம் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தது. அதே தொகைதான் ரசீதில் இருந்தது. எண்ணெய் விலையும் பலகையில் போட்டபடிதான். பெர்த் விலையைவிட ரொம்ப அதிகம், உண்மை. அந்த எண்ணெய் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லோரியில் வருகிறது, எங்கள் டயரைக் கிழித்த அதே ரோட்டில்.

கூண்டைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்ன பிறகுதான் அந்தப் படத்தின் கதை விளங்கியது. அந்த வட்டாரத்தில் பூர்வகுடி ஊர்களில் ஒரு காலத்தில் பிள்ளைகள் பெட்ரோல் ஆவியை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்வார்கள். மூளை கெட்டு, உயிரும் போயிருக்கிறது. பம்பைப் பூட்டி வைத்தது அதனால்தான், பயணிகளுக்கு எதிராக இல்லை. 2005-இல் பிபி நிறுவனம் ஓப்பல் என்ற பெட்ரோலைக் கொண்டுவந்தது. போதை தரும் ஆரோமேட்டிக் பொருள்கள் சாதாரண பெட்ரோலில் 25 சதவீத அளவுக்கு இருக்கும், ஓப்பலில் 5 சதவீதம்தான். சாதாரண பெட்ரோல் வண்டி அதில் நன்றாகவே ஓடும். ஆனாலும் அது வந்த காலத்திலிருந்தே "இஞ்சின் கெட்டுவிடும்" என்ற பேச்சும் கூடவே வந்திருக்கிறது. பிள்ளைகளைக் காப்பாற்றச் செய்த எண்ணெயைத்தான் நம்ம குரல் பதிவு "என்னமோ கலக்குறாங்க" என்று சொல்கிறது. நான் அதை நான்கு பேருக்கு அனுப்பியிருந்தேன் என்பதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மருந்துப் புட்டியை எடுத்துக் காட்டினேன். அவர் லேபிளைப் படித்துவிட்டு வெளியே போய் வண்டியின் டாங்கி மூடியைப் பார்த்தார். "உங்கள் வண்டி டீசல். இது பெட்ரோலுக்குப் போடுவது. ஊற்றிவிட்டீர்களா?" என்று கேட்டார். ஊற்றவில்லை, அன்று இரவு ஊற்றுவதாக இருந்தோம். பிறகு நீலக் கூப்பனை வாங்கிப் பார்த்தார். அடுத்த ரோட்ஹவுஸுக்குத் தன் தொலைபேசியிலிருந்தே அழைத்துக் கேட்டார். அப்படி எந்த ஏற்பாடும் அங்கே கிடையாது. இதே மாதிரித் தாளோடு ஒரு குடும்பம் முன்பும் வந்து நின்றதாம். கூப்பனில் அந்த ரோட்ஹவுஸின் பெயரையே தப்பாக எழுதியிருந்தார்கள், அவர் விரல் வைத்துக் காட்டினார்.

உலுரு பார்த்தோம். அப்பா ஒரு மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அது தனிக் கதை.

திரும்பி வந்ததும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். "அங்க சிஸ்டம் மாறிடுச்சு அண்ணே, நான் பேசிச் சொல்றேன்" என்றார். மூன்று வாரம் அதையே சொன்னார். பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். வெளிநாட்டுப் பயணம் விற்கிறவர்கள் 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். அமைச்சின் இணையப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம், ஐந்து நிமிட வேலை. இவர் பெயர் அதில் இல்லை.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துவிட்டேன். இது பலருக்குத் தெரியவில்லை என்பதால் சொல்கிறேன்: கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டியதில்லை, 50,000 ரிங்கிட் வரைக்கும் கேட்கலாம். சம்பவம் நடந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பரிமாற்றச் சீட்டு எல்லாம் வைத்திருந்தேன். பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

அந்த ரோட்ஹவுஸின் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதினால், பாதி படித்துவிட்டு "ஆமா, அந்த இடத்தப் பத்தி நானும் கேள்விப்பட்டேன்" என்று யாராவது மறுபடியும் ஆரம்பிப்பார்கள். அந்த அம்மாவுக்கு அது வேண்டாம். அந்தப் பாதையில் போகிறவர்கள் எல்லா ரோட்ஹவுஸிலும் நிறுத்துங்கள், எல்லாவற்றிலும் எண்ணெய் போடுங்கள். எந்த நேரம் திறந்திருக்கும் என்று நேரடியாக அவர்களுக்கே போன் செய்து கேளுங்கள்.

போன வாரம் அதே குரல் பதிவு எங்கள் குடும்பக் குழுவுக்கே திரும்ப வந்தது, கீழே வேறு ஒரு எண்ணோடு. நீலத் தாள் கூப்பன் உங்களிடமோ உங்களுக்குத் தெரிந்தவர்களிடமோ இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். விசாரணை நாளன்று என்னுடையதோடு சேர்த்து அதையும் மேசைமேல் வைக்கப் போகிறேன்.